உள் அலையின் ஆற்றல் எங்கே போகிறது? கே.ஆர்.பி. அணையை வைத்து ஒரு கணக்கு

கேட்டவர் கிருஷ்ணகிரிப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவர். நீண்ட கேள்வி, சுருக்கினால் இவ்வளவுதான்: அடர்த்தி அடுக்கடுக்காக இருக்கும் நீருக்குள் எழும் உள் அலைகளில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சரிபாதி என்கிறது ஒரு புத்தகம், ஆனால் அவர் போட்ட கணக்கில் இயக்க ஆற்றல் கூடுதலாக வருகிறது. அலை உடைந்தால் ஆற்றல் வெப்பமாகிவிடும் என்று ஓர் இடத்தில் படித்திருக்கிறார், நீர் கலந்து நிலை ஆற்றல் ஏறும் என்று வேறோர் இடத்தில் படித்திருக்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? கடைசியில், நம்ம கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) இந்த அலை வருமா, வந்தால் அணை நீரைக் கலக்கிவிடுமா?

இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் கேட்டிருப்பது ஒன்றுதான்: உள் அலையின் ஆற்றல் வரவு செலவு நேராகிறதா? நேராகிறது. ஆனால் நிலை ஆற்றலை ஒரே தலைப்பில் எழுதினால் நேராகாது, இரண்டு தலைப்பாகப் பிரிக்க வேண்டும். அதைத்தான் இந்தப் பதிலில் விளக்கப் போகிறேன். தருமபுரியில் பாய்ம இயக்கவியல் பாடம் எடுத்து வருகிறேன். என் பயிற்சி தாளிலும் ஆய்வகத் தொட்டியிலும் நடந்தது, கடலில் கருவி இறக்கி அளந்தவன் அல்ல. ஆகவே கீழே வரும் கடல் எண்கள் பிறர் அளந்து சொன்னவை. அணைக்கான எண்கள் நான் நியாயமாக ஊகித்துப் போட்டவை. தொட்டி பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது.

முதலில் அடுக்கு. சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும், மேலே வெதுவெதுப்பாக இருக்கும், முங்கினால் காலில் சில்லென்று படும். அணையிலும் அப்படித்தான். மேல் நீர் 30 டிகிரி, அடி நீர் 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அடர்த்தி வித்தியாசம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. ஆயிரம் கிலோ நீரில் ஒரு கிலோ சொச்சம், அவ்வளவுதான். நான்கு டிகிரி ஒரு பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். நம் ஊர் வெப்பத்தில் பெரியதுதான். 10 டிகிரியில் இருக்கும் நீரை ஒரு டிகிரி சூடாக்கினால் கன மீட்டருக்கு 0.09 கிலோ அளவுக்குத்தான் லேசாகும். 30 டிகிரியில் அதே ஒரு டிகிரிக்கு 0.3 கிலோ லேசாகிறது. குளிர்நாட்டு ஏரியில் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கிடைக்கும் அடுக்கு உறுதி இங்கே நான்கு டிகிரியிலேயே கிடைத்துவிடுகிறது. ஒகேனக்கல்லில் விழுந்து புரண்டு வரும் காவிரியில் அடுக்கு எதுவும் நிற்காது. அதே நீர் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பின்பக்கம், நாகமரை, ஒட்டனூர் பக்கமெல்லாம் தேங்கி நின்று வெயில் பட்ட பிறகுதான் அடுக்கு பிடிக்கத் தொடங்கும்.

இப்போது அந்த எல்லையை, அதாவது வெது நீரும் குளிர் நீரும் சந்திக்கும் இடத்தை, ஏதோ ஒன்று மேலே தூக்கிவிட்டது என்று வையுங்கள். கனமான நீர் லேசான நீருக்குள் ஏறி நிற்கிறது. கீழே இறங்கும், இறங்கிய வேகத்தில் சமநிலையைத் தாண்டிப் போகும், திரும்பி ஏறும். அலை இதுதான். மேற்பரப்பு அலையிலும் இதே கதைதான், ஆனால் அங்கே நீருக்கு மேலே இருப்பது காற்று, வித்தியாசம் முழு ஆயிரம் கிலோ. ஒரு மீட்டர் வீச்சுள்ள மேற்பரப்பு அலைக்கு ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 4900 ஜூல் வேண்டும். மேலே சொன்ன இரண்டடுக்கு நீரில் அதே ஒரு மீட்டர் வீச்சுள்ள உள் அலைக்குச் சுமார் 5.5 ஜூல் போதும். ஏறக்குறைய தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. அந்தமான் கடலில் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த உள் அலைகளை 1980-இல் ஆஸ்போர்னும் பர்ச்சும் எழுதிய கட்டுரை விவரித்தது. அவ்வளவு பெரிய அலைக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற வியப்பில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். உள்ளே அலை எழுப்புவது மலிவு. அதே காரணத்தால் மேற்பரப்பு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. உள்ளே அசைவதில் ஆயிரத்தில் சில பங்குதான் மேலே தெரியும். 60 மீட்டர் அலைக்கு மேலே ஒரு சாண் ஏறி இறங்கினால் பெரிது. ஆனாலும் செயற்கைக்கோள் படத்தில் இந்த அலைகள் வரிவரியாகத் தெரிகின்றன. அலையின் ஓட்டம் மேல் நீரைச் சில இடங்களில் நெருக்கி, சில இடங்களில் விலக்கி, சிற்றலைகளின் சொரசொரப்பை மாற்றுகிறது. படத்தில் விழுவது அந்தச் சொரசொரப்பு.

அடுத்து நிலை ஆற்றல். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கி வரும் ஆற்றல் உயரத்துக்கு நேர்விகிதம். ஆனால் உள் அலையின் நிலை ஆற்றல் இடப்பெயர்ச்சியின் வர்க்கத்துக்கு விகிதம் என்று புத்தகம் போடுகிறது. எங்கிருந்து வந்தது அந்த வர்க்கம்? மூடிய தொட்டியில் ஒரு துளி நீரை மட்டும் தனியாக உயர்த்த முடியாது. இங்கே ஏறினால் இன்னோர் இடத்தில் இறங்கியே ஆக வேண்டும். ஏறியதும் இறங்கியதும் முதல் படியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது இரண்டாம் படி. ஏறிய நீர் தன்னைவிட லேசான சூழலில் இருக்கிறது, இறங்கிய நீர் தன்னைவிடக் கனமான சூழலில் இருக்கிறது, இரண்டுமே திரும்பிவரத் துடிக்கின்றன. இரண்டிலும் ஆற்றல் சேமிப்பாகிறது. ஆக, பாதி அடர்த்தி, மிதப்பு அதிர்வெண்ணின் (இடம் பெயர்ந்த துளி அடுக்குக்குள் தானாக மேலும் கீழும் ஆடும் கோண அதிர்வெண்) வர்க்கம், இடப்பெயர்ச்சியின் வர்க்கம், இவற்றின் பெருக்கல்தான் நீங்கள் எழுத வேண்டிய நிலை ஆற்றல். அடர்த்தி ஆழத்தோடு சீராக ஏறும்போதோ இடப்பெயர்ச்சி சிறிதாக இருக்கும்போதோ இது சரி. அந்தமான் அலை போன்ற பெரியதற்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது.

இனி அந்தச் சரிபாதி. புத்தகம் சொல்வது சரி, நிபந்தனைகளோடு. அலை சிறியதாக இருக்க வேண்டும், பூமியின் சுழற்சி கணக்கில் வரக் கூடாது, ஒரு முழு அலைவுக்குச் சராசரி எடுத்திருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் பாதிக்குப் பாதி வராது. உங்கள் கணக்கில் இயக்க ஆற்றல் கூடுதலாக வந்ததற்குச் சுழற்சியைச் சேர்த்ததே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீள அலைகளுக்கு இரண்டுக்கும் உள்ள விகிதம் எளிது: அலையின் கோண அதிர்வெண் வர்க்கத்தோடு சுழற்சி அதிர்வெண் (பூமிச் சுழற்சி அந்த அட்சரேகையில் ஓடும் நீரைத் திருப்பும் அதிர்வெண்) வர்க்கத்தைக் கூட்டி, அதை முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வடக்கு. இந்த அட்சரேகையில் சுழற்சி அதிர்வெண்ணுக்குரிய காலம் சுமார் 55 மணி நேரம். நாளுக்கு இரண்டு முறை வரும் கடல் ஓதம் (நிலா ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது) எழுப்பும் அலையின் காலம் 12.4 மணி. இந்த எண்களைப் போட்டால் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலைவிடப் பதினொரு சதவீதம் கூடுதல். அதே ஓத அலை நார்வே பக்கம் 60 பாகையில் இருந்தால் ஒன்பது மடங்குக்கு மேல். உங்கள் விடை தப்பில்லை, நீங்கள் போட்ட அட்சரேகையைப் பொறுத்தது. பெரிய தனி அலைகளில் சுழற்சி இல்லாவிட்டாலும்கூட இயக்க ஆற்றல் சற்றே மிஞ்சி நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தொட்டியில் உள்ள நீரின் மொத்த நிலை ஆற்றலைக் கூட்டினால் பிரமாண்டமான எண் வரும். அலைக்கு அதில் சொற்பம்தான் சொந்தம். எது சொந்தம் என்று பார்க்க, மனதில் ஒரு வேலை செய்யுங்கள். நீர் முழுவதையும் கலக்காமல், துளித்துளியாக எடுத்து, கனமானது அடியில், லேசானது மேலே என்று வரிசையாக அடுக்குங்கள். அப்போது வரும் நிலை ஆற்றல்தான் அந்த நீர் இறங்கக்கூடிய அடிமட்டம். இதைப் பின்புல நிலை ஆற்றல் என்போம். இப்போதுள்ள நிலைக்கும் அந்த அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே இயக்கமாக மாறக் கூடியது, அது கிடைக்கும் நிலை ஆற்றல். ஏரியில் மதகுக்குக் கீழே கிடக்கும் நீர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வயலுக்குப் பாயாது. பின்புல நிலை ஆற்றலும் அப்படித்தான். இந்தப் பிரிவினையை வளிமண்டலத்துக்காக 1955-இல் லோரன்ஸ் தெளிவாக எழுதினார். கொந்தளிக்கும் அடுக்கு நீருக்கு இதை ஒழுங்கான கணக்காக மாற்றியது விண்டர்ஸும் கூட்டாளிகளும் 1995-இல் எழுதிய கட்டுரை.

ஆக, கணக்கில் நான்கு தலைப்பு: இயக்க ஆற்றல், கிடைக்கும் நிலை ஆற்றல், பின்புல நிலை ஆற்றல், வெப்பம். முதல் இரண்டுக்கும் நடுவே ஆற்றல் போகும், திரும்பும், அதுதான் அலை. பின் இரண்டுக்கும் போனது திரும்பாது.

இதைத் தாளில் படிப்பதைவிட ஒரு முறை பார்த்துவிடுவது மேல். ஒரு மீட்டர் நீளமுள்ள மீன் தொட்டி எடுங்கள். லிட்டருக்கு 20 கிராம் உப்பு கரைத்து, ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, 10 செ.மீ. உயரம் ஊற்றுங்கள். அதன் மேல் ஒரு தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு, நல்ல தண்ணீரை அந்தத் துண்டின் மேல் மெதுவாக, பொறுமையாக ஊற்றி இன்னொரு 10 செ.மீ. ஏற்றுங்கள். அவசரப்பட்டால் அடுக்கு கெட்டுவிடும். கத்தி வைத்து வெட்டியது போல ஆரஞ்சுக் கோடு ஒன்று நிற்கும். தொட்டியின் ஒரு முனையை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பிடித்து, கோடு மட்டமானதும் மெல்லக் கீழே வையுங்கள். மேற்பரப்பு ஒன்றரை நொடிக்கு ஒரு முறை ஆடி விரைவில் அடங்கிவிடும். அது அடங்கிய பிறகும் ஆரஞ்சுக் கோடு ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு ஆட்டத்துக்கு 24 நொடி அளவில். மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் அந்த நிதானத்தை நானும் நின்று பார்ப்பேன்.

அந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்ற பின் கோட்டைப் பாருங்கள். முன்பு போலவே கூர்மையாக இருக்கும். அலையின் ஆற்றல் முழுக்கக் கண்ணாடிச் சுவரிலும் அடியிலும் பாகுநிலை உராய்வாகி வெப்பமாகிவிட்டது, பின்புலத்துக்கு ஒன்றுமே போகவில்லை. இப்போது தொட்டியை இன்னும் உயரமாகத் தூக்கிச் சட்டென்று இறக்குங்கள். கோடு சரிந்து, அதன் மேல் சுருள் சுருளாகக் கிளம்பி, உடையும். அடங்கிய பிறகு கோடு இருந்த இடத்தில் இரண்டு மூன்று செ.மீ. தடிமனுக்கு வெளிர் ஆரஞ்சுப் பட்டை. மேலே ஏறிய அந்தச் சாயம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கீழே வராது. உப்பு நீர் மேலே ஏறி அங்கேயே தங்கிவிட்டது. நீரின் ஈர்ப்பு மையம் நிரந்தரமாகக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்புல நிலை ஆற்றல் ஏறியதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தப் பட்டையில் இருக்கிறது. அலை உடையும்போது ஆற்றலின் பெரும் பகுதி வெப்பமாகிறது, சிறு பகுதி நீரைக் கலந்து பின்புலத்தை உயர்த்துகிறது. இரண்டு புத்தகமும் சரி, ஆளுக்கு ஒரு தலைப்பைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த விகிதத்தில் பிரிகிறது? கடலியலில் எல்லோரும் எடுத்துக்கொள்வது ஆறில் ஒரு பங்கு பின்புலத்துக்கு, ஆறில் ஐந்து வெப்பத்துக்கு. 1980-இல் ஆஸ்பார்ன் எழுதிய கட்டுரையிலிருந்து வழக்கமானது இது (மேலே அந்தமான் அலைக்குச் சொன்ன ஆஸ்போர்ன் வேறொருவர்). இதைத் திட்டவட்டமான மாறிலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பார்ன் அதை ஒரு மேல் வரம்பாகத்தான் வைத்தார். தொட்டிச் சோதனைகளிலும் கணினிக் கணக்கீடுகளிலும் பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வருகிறது. கனமான நீர் லேசான நீருக்கு மேல் ஏறிக் கவிழும் வகைக் கலப்பில் இன்னும் கூடுதலாகவும் வரும். சுவரில் தேய்ந்து அடங்கிய முதல் ஆட்டத்தில் ஒன்றும் இல்லையே, அதையும் சேர்த்துப் பாருங்கள். எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்து மாறும் எண்ணை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு உலகப் பெருங்கடல் முழுவதற்கும் பெருக்குவதில் எனக்கு நெடுநாளாகவே மனம் ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல் செய்கிறார்கள், அது புரிகிறது.

இன்னொரு நுட்பம், இதை விட்டால் சோதனைக் கணக்கு நேராகாது. தொட்டியை அசைக்காமல் நாள் கணக்கில் வைத்தாலும் உப்பு மெல்ல மெல்ல மேலே பரவும், பின்புல நிலை ஆற்றல் ஏறும். அதற்கு ஆற்றல் தந்தது அலை அல்ல, மூலக்கூறுகளின் வெப்ப இயக்கம். அந்த ஏற்றத்தைத் தனியாகக் கழித்த பிறகுதான் அலை செய்த கலப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

சரி, கே.ஆர்.பி. அணை. முழு மட்டம் 52 அடி, ஏறக்குறைய 16 மீட்டர். சராசரியாக 15 மீட்டர் ஆழம், மேலே 5 மீட்டர் வெது நீர், கீழே 10 மீட்டர் குளிர் நீர், நீளம் 3 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். உண்மையான அடிமட்டம் மேடு பள்ளமானது, மேல்பக்கம் போகப் போக ஆழம் குறையும், ஆகவே இது அளவின் ஒழுங்கைக் காட்டும் கணக்கு மட்டுமே. உள் அலையின் வேகம் நொடிக்கு 19 செ.மீ. வருகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்ப ஏறக்குறைய 9 மணி நேரம். மேற்பரப்பு ஆட்டத்துக்கு அதே தூரம் 8 நிமிடம்.

ஆடிக் காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அணையின் நீளவாக்கில் வீசினால் என்ன ஆகும்? மேல் நீரை ஒரு பக்கமாகத் தள்ளும். மேற்பரப்பு ஒரு முனையில் மறுமுனையைவிட இரண்டரை மில்லிமீட்டர் உயரும், கரையில் நிற்பவருக்குத் தெரியாது. உள்ளே வெது-குளிர் எல்லை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். காற்று நின்றதும் அந்தச் சாய்வு ஆட ஆரம்பிக்கும். ஆகவே அலை வருமா என்றால், அடுக்கு இருக்கும் காலத்தில் காற்றடித்தால் வந்தே தீரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே வெப்பமானியை இறக்கி இதைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தச் சாய்வில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 2 ஜூல். காற்று மேல் நீரை இழுத்துச் செய்த வேலையை மதிப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 20 ஜூல் அளவில் வருகிறது, ஆகவே காற்று கொடுத்ததில் சிறு பங்குதான் உள் அலைக்குப் போயிருக்கிறது. மீதி சிற்றலைகளாகவும் மேல் அடுக்கின் கொந்தளிப்பாகவும் அங்கேயே தீர்ந்துவிட்டது. அந்த 2 ஜூலும் முழுதாக வெப்பமானால் 15 மீட்டர் நீர் எவ்வளவு சூடாகும்? ஒரு டிகிரியில் மூன்று கோடியில் ஒரு பங்கு. எந்த வெப்பமானியும் காட்டாது. நண்பகல் வெயில் ஒரே நொடியில் சதுர மீட்டருக்கு ஆயிரம் ஜூல் பக்கம் கொட்டுகிறது. உள் அலையின் முக்கியத்துவம் அது தரும் வெப்பத்தில் இல்லை, கலப்பில் இருக்கிறது.

கலக்கிவிடுமா என்றால், இந்த எண்களோடு கலக்காது. மேல் 5 மீட்டரையும் கீழ் 10 மீட்டரையும் முழுதாகக் கலக்கப் பின்புல நிலை ஆற்றல் சதுர மீட்டருக்கு 277 ஜூல் ஏற வேண்டும். ஆறில் ஒரு பங்கு விதியை நம்பினால் அதற்கு 1600 ஜூலுக்கு மேல் செலவழிக்க வேண்டும். கையில் இருப்பது 2. அதுவும் உடைந்தால்தான் கணக்கு. இந்த அலையில் எல்லைக்கு மேலும் கீழும் நீர் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் வேக வித்தியாசம் நொடிக்கு 6 செ.மீ. எல்லை ஒரு மீட்டர் தடிமன் என்றால் ரிச்சர்ட்சன் எண் (அடுக்கின் உறுதிக்கும் அதைக் குலைக்கப் பார்க்கும் வேக வித்தியாசத்துக்கும் உள்ள விகிதம்) 3 வருகிறது. அது கால் பங்குக்குக் கீழே இறங்காமல் அடுக்கு ஓட்டம் நிலைகுலையாது என்று 1961-இலேயே மைல்ஸும் ஹோவர்டும் காட்டிவிட்டார்கள். நடு அணையில் அலை உடையாமல் அமைதியாக ஆடும், அடிமட்டத்திலும் சரிந்த கரையிலும் உரசித்தான் தணியும். நிஜத்தில் அணையைக் கலக்குவது இரவுக் குளிர். மார்கழி, தை மாதங்களில் நீர் தான் பெறுவதைவிடச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 100 வாட் கூடுதலாக இழந்தால், மேல் 5 மீட்டர் நான்கு டிகிரி குளிரப் பத்து நாள் போதும். அப்போது மேல் நீர் தானே கனத்துக் கீழே இறங்கிக் கலக்கும். ஆனால் அலைக்கு வேறு ஒரு வேலை உண்டு. அடியில் ஆக்சிஜன் குறைந்த நீரை ஒரு மீட்டர் மேலே ஏற்றி, மேட்டுக் கரையோரம் சில மணி நேரம் நிறுத்தி, திரும்ப இறக்கும். மீனுக்கு அது கலப்பைவிடப் பெரிய விஷயமாகலாம்.

ஆற்றல் பாயும் திசை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், அலைமுகடு மேலே போகும்போது ஆற்றல் கீழே போகிறதாமே என்று. ஆமாம். அடர்த்தி சீராக ஏறும் தொட்டியில் ஒரு தடியை ஒரே அதிர்வெண்ணில் ஆட்டினால் அலை வட்டமாகப் பரவாது, பெருக்கல் குறி போல நான்கு கற்றைகளாகக் கிளம்பும். மௌப்ரேயும் ராரிட்டியும் 1967-இல் எடுத்த படங்கள் இதற்குப் புகழ்பெற்றவை. கற்றையின் சாய்வு அதிர்வெண்ணை மட்டுமே பொறுத்தது, அலைநீளத்தைப் பொறுத்ததல்ல. ஆற்றல் பாய்வு என்பது அழுத்த மாற்றத்தையும் திசைவேகத்தையும் பெருக்கிச் சராசரி எடுப்பது. நீர்த்துளிகள் கற்றையின் நீளவாக்கில்தான் முன்னும் பின்னும் ஆடுகின்றன, ஆகவே பெருக்கலும் அந்தத் திசையில்தான் இருக்க முடியும். முகடுகளோ கற்றைக்குக் குறுக்கே நகர்கின்றன. குழுத் திசைவேகமும் (ஆற்றல் போகும் வேகம்) கட்டத் திசைவேகமும் (முகடு நகரும் வேகம்) ஒன்றுக்கொன்று செங்குத்து என்று புத்தகம் பக்கம் பக்கமாக நிறுவுவதன் உள்ளடக்கம் இவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. பின்னணியில் ஓட்டம் இருந்து, அதன் வேகம் ஆழத்தோடு மாறினால், அலையின் ஆற்றல் மட்டும் தனியாக நேராகாது. அலை ஓட்டத்திடமிருந்து ஆற்றல் வாங்கும், அல்லது கொடுக்கும். அப்போது மாறாமல் இருப்பது ஆற்றலை, ஓட்டத்தோடு நகர்பவர் பார்க்கும் அதிர்வெண்ணால் வகுத்து வரும் அளவு. இது பிரெதர்டனும் கேரட்டும் 1968-இல் தந்தது. வத்தல்மலை மேலே காற்று ஏறி இறங்கும்போது வானில் எழும் அலைகளைக் கணக்கிட்டாலும் இதேதான். எங்கோ ஆற்றல் காணாமல் போகிறது என்று தோன்றினால் முதலில் பின்னணி ஓட்டத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடலில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓதங்கள் மொத்தமாக இழக்கும் ஆற்றல் 3.5 டெராவாட், அதாவது மூன்றரை லட்சம் கோடி வாட். இது வெகு உறுதி, ஏனென்றால் அதற்கு ஈடாக நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போவதை லேசர் வைத்து அளக்கிறார்கள். அதில் சுமார் ஒரு டெராவாட் ஆழ்கடலில், பெரும்பாலும் கடலடி மலைத்தொடர்கள் மேல் ஓதம் ஓடி உள் அலைகளை எழுப்புவதில் போகிறது என்று எக்பர்ட்டும் ரேயும் செயற்கைக்கோள் உயர அளவுகளை வைத்து 2000-இல் காட்டினார்கள். இதையும் நம்பலாம். ஆழ்கடலின் அடுக்கை இன்றுள்ளபடி வைத்திருக்க 2 டெராவாட் அளவுக்குக் கலப்பு ஆற்றல் தேவை என்று மங்கும் வுன்ஷும் 1998-இல் போட்ட கணக்குதான் தளர்வானது. அதற்குள் அந்த ஆறில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. தென்முனைக் கடலில் காற்றே நேராக மேலே இழுத்துவரும் ஆழ்நீருக்கு இவ்வளவு கலப்பு வேண்டியதில்லை என்ற வாதமும் இருக்கிறது. எழும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் நீள உள் அலைகள் கடைசியில் எங்கே உடைகின்றன என்பதும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. வரவுப் பக்கம் நன்றாகத் தெரிகிறது, செலவுப் பக்கம் எந்த ஊரில் எவ்வளவு என்று தெளிவாகவில்லை.

உங்கள் திட்டக்கட்டுரைக்கு இதை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுங்கள். முதலில் தொட்டி, அதில் நான்கு தலைப்பும் நேராகிறதா என்று பாருங்கள். நேரானால் அப்புறம் அணை. நீர்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பங்குனி அல்லது சித்திரையில் அடுக்கு நன்றாகப் பிடித்திருக்கும்போது போங்கள். ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒன்றாக வெப்பநிலைப் பதிவுக் கருவிகளைக் கட்டி, மிதவையோடு அணைச் சுவர்ப் பக்கம் ஒன்று, மேல்முனைப் பக்கம் ஒன்று நிறுத்துங்கள். நடுவில் வைக்காதீர்கள், ஆட்டத்தின் கணு, அதாவது அசையாத இடம், அங்கேதான் இருக்கும், எல்லை ஏறி இறங்குவதே தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு, குறைந்தது மூன்று நாள், கூடவே காற்றின் வேகமும் திசையும். இரண்டு முனையிலும் எல்லை எதிரெதிராக ஏறி இறங்கினால் அது உள் அலை. இரண்டிலும் ஒன்றாக, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வந்தால் அது பகல் வெயிலும் இரவுக் குளிரும் செய்யும் வேலை, அதை அலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.